அரசு ஜாமீன் யாருக்கு? சிலி மாணவர்கள் கடனை எதிர்த்து நின்ற கதை

(எபிசோடின் ஒலிப்பதிவிலிருந்து சுருக்கித் திருத்திய எழுத்து வடிவம்)

இன்னைக்கு நேரா விஷயத்துக்குப் போயிடலாம்.

2014 மே மாசம். தென் அமெரிக்காவுல சிலி நாட்டோட தலைநகர் சான்டியாகோ. அங்க ஒரு கலாசார மையத்துல ஒரு வேன் கண்காட்சிக்கு வந்தது. வேனுக்குள்ள சாம்பல். வெச்சவர் பிரான்சிஸ்கோ தாப்பியாங்கிற ஒரு கலைஞர். ஊர்ல அவருக்கு 'பாப்பாஸ் ஃபிரிதாஸ்'னு பேர். ஸ்பானிஷ்ல அதுக்கு 'ஃபிரெஞ்ச் ஃப்ரைஸ்'னு அர்த்தம். பேர் காமெடியா இருக்கு, ஆனா அவர் சொன்ன விஷயம் ரொம்ப சீரியஸ். மூடச் சொல்லி உத்தரவு வந்த ஒரு தனியார் பல்கலைக்கழகத்துல மாணவர்கள் உள்ளிருப்புப் போராட்டம் நடத்தினப்போ, அங்க இருந்த மாணவர்களோட கடன் பத்திரங்களை எடுத்துட்டுப் போய் எரிச்சிட்டேன்னு ஒரு வீடியோவுல சொன்னார். அவர் சொன்ன கணக்குப்படி மதிப்பு 50 கோடி டாலர். போலீஸ் வந்து வேனையும் சாம்பலையும் கைப்பற்றியது.

கேட்கும்போதே ஒரு குஷி வருது இல்லையா? தமிழ் சினிமா க்ளைமாக்ஸ் மாதிரி இருக்கு. ஆனா சாஃப்ட்வேர்ல வேலை பார்க்கிற யாருக்கும் அடுத்த செகண்ட் ஒரு கேள்வி வரும்: பேக்கப் இருக்குமே? அவர் எரிச்சது பல்கலைக்கழகத்துகிட்ட மாணவர்கள் எழுதிக் கொடுத்த பத்திரம். அதே மாணவர்கள்ல பலர் பேங்க்ல வாங்கின கல்விக் கடன் தனி. அது பேங்க்கோட சர்வர்ல பத்திரமா இருந்தது. அதை எந்தத் தீக்குச்சியாலும் தொட முடியாது.

அந்த இரண்டாவது கடனைப் பத்திதான் இன்னைக்குப் பேச்சு. அதைக் குறைக்க ஒரு தலைமுறையே தெருவுக்கு வந்தது. பெரிய வெற்றி கிடைச்சது. ஆனா அந்த வெற்றியோட பெரிய பங்கு போராடினவங்களுக்குப் போகல. அது ஏன்னு புரிஞ்சுக்கிட்டா, நம்ம ஊர்ல கல்விக் கடன் பத்திப் பேசும்போது சில கேள்விகளைச் சரியா கேட்கலாம்.

எட்டு பல்கலைக்கழகம் இருந்த நாடு

கதை ஆரம்பிக்கிறது ராணுவ ஆட்சியில. 1973 செப்டம்பர் 11. சிலியில் அதிபர் சால்வடோர் அயெண்டேயின் அரசை ராணுவம் கவிழ்த்தது. ஜெனரல் பினோசே ஆட்சிக்கு வந்தார். அவரோட பொருளாதாரத்தை வடிவமைச்சது, அமெரிக்காவில் சிகாகோ பல்கலைக்கழகத்துல படிச்சிட்டு வந்த ஒரு குழு. 'சிகாகோ பாய்ஸ்'னே அவங்களுக்குப் பேர். அவங்களோட நம்பிக்கை ரொம்ப எளிமையானது: எதையும் சந்தைகிட்ட விட்டா அது தானா சரியாகும். பென்ஷன், மருத்துவம், பள்ளிக்கூடம், எல்லாத்துக்கும் அதே மருந்து.

1981ல அந்த மருந்து உயர்கல்விக்கு வந்தது. அதுக்கு முன்னாடி நாட்டில் மொத்தமே 8 பல்கலைக்கழகங்கள்தான். பெரும்பாலும் அரசுப் பணத்தில் ஓடியது. 1981 சட்டங்கள் மூணு வேலை செய்தன. நாடு முழுக்கக் கிளை வெச்சிருந்த சிலி பல்கலைக்கழகத்தோட வெளியூர்க் கிளைகளைப் பிரிச்சுத் தனித்தனி ஆக்கியது. அரசு நிதியைக் குறைச்சு, அரசுப் பல்கலைக்கழகங்களும் மாணவர்கள்கிட்ட கட்டணம் வாங்கித்தான் ஆகணுங்கிற நிலையைக் கொண்டுவந்தது. மூணாவது, தனியார் பல்கலைக்கழகம் ஆரம்பிக்கக் கதவைத் திறந்து விட்டது.

ஒரு நிபந்தனை மட்டும் வெச்சாங்க. பல்கலைக்கழகம் லாபத்துக்காக நடக்கக் கூடாது. 'டிரஸ்ட்'ங்கிற வார்த்தையோட வளர்ந்த நமக்கு, அடுத்து என்ன நடந்திருக்கும்னு சொல்லாமலே புரியும். பல்கலைக்கழகத்தோட ஓனர்கள் தனியா ஒரு ரியல் எஸ்டேட் கம்பெனி ஆரம்பிச்சாங்க. கட்டடம் அந்தக் கம்பெனி பேர்ல. பல்கலைக்கழகம் அந்தக் கட்டடத்துக்கு வாடகை கட்டும். ஏட்டுல பல்கலைக்கழகத்துக்கு லாபம் இல்ல. மாணவன் கட்டின ஃபீஸ் வாடகையா மாறி அதே ஆளோட இன்னொரு பாக்கெட்டுக்குப் போயிடும். சட்டத்தை மீறவும் இல்ல, மதிக்கவும் இல்ல.

ஜாமீன் போட்டது அரசு

1990ல பினோசே அதிபர் பதவியை விட்டுப் போனார். ஜனநாயகம் வந்தது. ஆனா இந்த அமைப்பு அப்படியே இருந்தது. சொல்லப்போனா, பதவியை விட்டுப் போறதுக்கு முந்தின நாள் வெளியிட்ட ஒரு சட்டத்தால பினோசே அரசு கல்விக் கொள்கையைப் பூட்டு போட்டுப் பூட்டிட்டுப் போச்சு.

அடுத்து வந்த ஜனநாயக அரசுகளுக்கு ஒரு நிஜமான பிரச்சினை இருந்தது. நிறையப் பேர் படிக்க ஆசைப்படுறாங்க. வீட்டுல முதல் தலைமுறையா காலேஜ் போற பசங்க. ஃபீஸ் கட்டக் காசு இல்ல. பேங்க் கடன் கொடுக்காது, ஏன்னா 18 வயசுப் பையன்கிட்ட அடமானம் வைக்க என்ன இருக்கு?

2005ல, அதிபர் ரிக்கார்டோ லாகோஸ் காலத்துல, இதுக்கு ஒரு தீர்வு கொண்டுவந்தாங்க. அதோட பேரைத் தமிழ்ல சொன்னா, 'அரசு ஜாமீனுடன் கூடிய கடன்'. பேங்க் கடன் கொடுக்கும். மாணவர் படிச்சு முடிச்சு 18 மாசம் கழிச்சுத் திருப்பிக் கட்ட ஆரம்பிக்கணும். கட்டலேன்னா அரசு பேங்க்குக்குக் கட்டும்.

நோக்கத்தைக் குறை சொல்ல முடியாது. 2006ல இருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவங்க இந்தக் கடனால காலேஜ் வாசலை மிதிச்சாங்க. பல வீடுகள்ல அவங்கதான் முதல் பட்டதாரி.

ஆனா இப்போ அந்தப் பேரை இன்னொரு தடவை படிங்க. அரசு ஜாமீன். கேட்கிற மாணவனுக்கு என்ன தோணும்? 'நமக்கு ஏதாவது ஆச்சுன்னா அரசு பார்த்துக்கும்.' ஜாமீன் அப்படி வேலை செய்யாது. நம்ம ஊர்ல மாமா உங்களுக்காக ஜாமீன் கையெழுத்துப் போட்டா, அது கடன் கொடுத்தவரோட நிம்மதிக்கு. நீங்க கட்டலேன்னா மாமா கட்டுவார். கட்டிட்டு உங்ககிட்ட வந்து நிப்பார். சிலியிலும் அதேதான். மாணவன் தவணை தவறினா அரசு பேங்க்குக்குப் பணம் கொடுத்தது. அப்புறம் அரசு அந்த மாணவனைத் துரத்தியது. வருமான வரியில் திரும்ப வர வேண்டிய பணத்தைக்கூட கடனுக்காகப் பிடிச்சுக்கிட்டது.

இன்னும் இருக்கு. வட்டி வருஷத்துக்கு ஏறத்தாழ 6%. இந்தியாவில இருந்து பார்க்கும்போது இது கம்மியாத் தோணும். ஆனா சிலியில் இந்தக் கடன் பெசோ கணக்குல இல்ல. விலைவாசி ஏறினா கூடவே தானா ஏறுற ஒரு தனிக் கணக்கு அலகு அங்க உண்டு. கடன் அந்த அலகுலதான். அதாவது விலைவாசி உயர்வு போக, அதுக்கு மேல 6%. கூடவே, பேங்க் தன்கிட்ட இருக்கிற கடன்கள்ல ஒரு பகுதியை அரசுக்கு வித்துடலாம். அரசு அதை அசல் மதிப்புக்கு மேல கூடுதல் விலை கொடுத்து வாங்கியது.

இப்போ ஒரு டயாகிராம் போட்டுப் பாருங்க. ரிஸ்க் அரசுகிட்ட. கடன் மாணவன்கிட்ட. வட்டி பேங்க்கிட்ட. ஃபீஸ் பல்கலைக்கழகத்துகிட்ட, அதுலயும் ஒரு பங்கு வாடகையா ஓனர்கிட்ட. ஃபீஸை ஏத்துறதுக்குப் பல்கலைக்கழகத்துக்கு என்ன பயம் இருக்கும்? கட்டப்போறது இன்னைக்குக் காசு இல்லாத, நாளைக்குத் திருப்பிக் கட்டப்போற பையன். இன்னைக்கு வலிக்காது.

2011

இந்தக் கடன் வந்த அதே நேரத்துல, 2006ல, சிலியில் பள்ளி மாணவர்கள் பெரிய போராட்டம் நடத்தினாங்க. கறுப்பு வெள்ளை யூனிஃபார்ம் போட்டதால 'பென்குயின் புரட்சி'ன்னு பேர். பஸ் பாஸ், நுழைவுத் தேர்வுக் கட்டணம்னு ஆரம்பிச்சு, பினோசே பூட்டிட்டுப் போன அந்தச் சட்டத்தையே மாத்தணும்ங்கிற கோரிக்கை வரைக்கும் போனாங்க. அந்தப் பென்குயின்கள்தான் அஞ்சு வருஷம் கழிச்சுக் காலேஜ் மாணவர்கள். கையில் போராடின அனுபவம், தலையில் கடன்.

2011 மே மாசத்துல ஊர்வலங்கள் ஆரம்பிச்சது. நாட்டின் பல்கலைக்கழக மாணவர் சங்கங்களோட கூட்டமைப்பு முன்னாடி நின்னது. சிலி பல்கலைக்கழக மாணவர் சங்கத் தலைவர் கமிலா வயேஹோ, புவியியல் மாணவி. கத்தோலிக்கப் பல்கலைக்கழக மாணவர் சங்கத் தலைவர் ஜியோர்ஜியோ ஜாக்சன். அதிபராக இருந்தவர் செபாஸ்டியன் பின்யேரா, நாட்டின் பெரும் பணக்காரர்களில் ஒருவர். கல்வி அமைச்சர் யாருன்னா, ஒரு தனியார் பல்கலைக்கழகத்தோட நிறுவனர்கள்ல ஒருத்தர். ஸ்கிரிப்ட் எழுதினவங்ககிட்ட கேட்டாகூட 'கொஞ்சம் ஓவரா இருக்கு'ன்னு மாத்தச் சொல்லியிருப்போம்.

ஊர்வலங்களுக்கு லட்சம் பேர் அளவுக்குக் கூடினாங்க. ஆனா எனக்குப் பிடிச்சது அவங்க கண்டுபிடிச்ச வழிகள். அதிபர் மாளிகை லா மொனேடா முன்னாடி பிணம் மாதிரி மேக்கப் போட்டு, கூட்டமா மைக்கேல் ஜாக்சனோட 'த்ரில்லர்' ஆடினாங்க. அதே மாளிகையைச் சுத்தி 1,800 மணி நேரம் விடாம ஓடினாங்க. ராத்திரி பகலா, ஆள் மாத்தி ஆள். ஏன் 1,800? கல்வியை இலவசமாக்க வருஷத்துக்கு 180 கோடி டாலர் தேவைன்னு அவங்க ஒரு கணக்குப் போட்டிருந்தாங்க. அந்த எண்ணை 75 நாள் தெருவுல ஓட்டிக் காட்டினாங்க. 'கல்வி இலவசமா வேணும்'னு பேனர் பிடிச்சா எதிராளி 'காசுக்கு எங்க போறது'ன்னு கேட்டு முடிச்சிடுவார். இங்க போராட்டமே அந்த எண்ணைச் சுத்தித்தான். விவாதம் தானா வரி பக்கம் போச்சு: யார் கட்டணும், எவ்வளவு கட்டணும்?

ஆகஸ்ட் 4ஆம் தேதி ஊர்வலத்துக்கு அரசு அனுமதி மறுத்தது. மீறிப் போனாங்க. கண்ணீர்ப்புகை, தண்ணீர் பீரங்கி. ஒரே நாளில் 800 பேருக்கு மேல் கைது. அன்னைக்கு ராத்திரி சான்டியாகோ வீடுகள்ல ஜன்னலைத் திறந்து, கரண்டியால பாத்திரத்தைத் தட்ட ஆரம்பிச்சாங்க. இது சிலியில் பழைய எதிர்ப்பு முறை. பினோசே காலத்துலயும் தட்டினாங்க. அந்த ராத்திரி தட்டினவங்க பல பேர் மாணவர்கள் கிடையாது. அம்மா, அப்பா, பாட்டி. கடன் பையன் பேர்ல இருந்தாலும் மாசத் தவணையோட கனம் வீட்டுச் சமையலறைக்குத்தானே வரும்.

இதே மாசக் கடைசியில் நடந்த நாடு தழுவிய வேலைநிறுத்தத்தின்போது 16 வயசுப் பையன் ஒருத்தன் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் செத்துப் போனான். நடனம், ஓட்டம்னு சொல்லும்போது இதையும் சேர்த்துத்தான் சொல்லணும்.

அரசு இறங்கி வந்தது, ஆனா படிப்படியா. ஜூலையிலேயே கல்வி அமைச்சரை மாத்தினாங்க. கல்வியும் ஒரு நுகர்பொருள்தான்னு அதிபர் ஒரு மேடையில் சொன்னது நெருப்புக்கு எண்ணெய் ஊத்தின மாதிரி ஆச்சு. அதிபருக்கான மக்கள் ஆதரவு ஒரு முக்கியக் கருத்துக்கணிப்பில் 26%க்கு இறங்கியது.

6லிருந்து 2

முதல் நிஜ வெற்றி 2012ல வந்தது. கடன் வட்டியை 2%ஆகக் குறைச்சாங்க. மாசத் தவணை சம்பளத்தில் 10%ஐத் தாண்டாத மாதிரி கேட்டு வாங்கிக்கிற வசதியும் வந்தது.

'வட்டிதானே, அசல் அப்படியே இருக்கே'ன்னு தோணும். அதனால ஒரு சின்னக் கணக்கு. நம்ம ரூபாயிலேயே, விலைவாசியை ஒதுக்கி வெச்சிட்டுப் போடலாம். நாலு வருஷப் படிப்பு. ஒவ்வொரு வருஷ ஆரம்பத்துலயும் 1 லட்சம் கடன். படிப்பு முடிஞ்சு ஒரு வருஷம் கழிச்சுக் கட்ட ஆரம்பிக்கணும். அதுவரைக்கும் தனி வட்டி. அப்புறம் 10 வருஷத் தவணை.

6% வட்டின்னா, கட்ட ஆரம்பிக்கும்போதே 4 லட்சம் 4,84,000 ஆகியிருக்கும். மாசம் ஏறத்தாழ 5,370 ரூபாய். மொத்தமா கட்டுறது 6,45,000 கிட்ட. 2% வட்டின்னா, ஆரம்பத்துல 4,28,000. மாசம் 3,940. மொத்தம் 4,73,000 கிட்ட. வித்தியாசம் 1,72,000 ரூபாய். வாங்கினதே 4 லட்சம்தான். தவணை 20 வருஷம்னு நீண்டா இந்த வித்தியாசம் இன்னும் பெருசாகும். ஊர்வலத்துல நடந்ததுக்கு ஒரு ரேட் போடணும்னா இதுதான் ரேட்.

ஆனா இதுலயும் ரெண்டு முடிச்சு இருக்கு. ஒண்ணு, பேங்க்குக்கு வட்டி குறையல. 6க்கும் 2க்கும் நடுவுல இருக்கிற பள்ளத்தை அரசு நிரப்பியது. அதாவது வரிப்பணம். ரெண்டாவது, ஏற்கெனவே தவணை தவறாமக் கட்டுறவங்களுக்குத்தான் இந்தச் சலுகை. அப்போ யாருக்கு ரொம்பத் தேவையோ, வேலை கிடைக்காம, படிப்பைப் பாதியில விட்டு, தவணை தவறிப்போனவங்க, அவங்க முதல்ல பாக்கியைக் கட்டிட்டு வரணும்.

அக்காவும் தங்கச்சியும்

2013 தேர்தல். கமிலா வயேஹோ, ஜியோர்ஜியோ ஜாக்சன், வயேஹோவுக்கு அடுத்து மாணவர் சங்கத் தலைவரான கேப்ரியல் போரிக் எல்லாரும் நாடாளுமன்றத்துக்கு ஜெயிச்சு வந்தாங்க. அதிபரான மிஷேல் பாச்லெட் இலவசக் கல்வியை வாக்குறுதியா கொடுத்திருந்தார். 2014ல வரிச் சீர்திருத்தம். 2016ல இலவச உயர்கல்வி தொடங்கியது. முதல்ல வருமானத்தில் கீழ்ப்பாதியில் இருக்கிற 50% குடும்பத்துப் பிள்ளைகளுக்கு. 2018ல 60%. அதுக்கு மேல விரிவாக்கிறதை நாட்டின் வரி வருமானத்தோட சட்டத்திலேயே கட்டிப்போட்டாங்க.

1981ல போட்ட ஒரு சட்டத்தை, 2006ல பள்ளிச் சீருடையில் தெருவுக்கு வந்த பசங்க, பத்து வருஷத்துல பாதிக்கு மேல மாத்திக் காட்டினாங்க. உலகத்துல மாணவர் போராட்டங்கள் நிறைய உண்டு. இவ்வளவு தூரம் சட்டமா மாறினது ரொம்பக் கம்மி.

இப்போ ஒரு கற்பனைக் குடும்பம். அக்கா 2008ல ஜாமீன் கடன் வாங்கிக் காலேஜ் சேர்ந்தாள். 2011ல எல்லா ஊர்வலத்துலயும் நடந்தாள். 2013ல படிப்பு முடிஞ்சது. 18 மாசம் கழிச்சு, 2015 வாக்குல தவணை ஆரம்பிக்குது. தங்கச்சி 2016ல காலேஜ் சேர்றாள். அவளுக்கு இலவசம். அதே வீடு, அதே சாப்பாட்டு மேசை. தங்கச்சிக்குக் கடன் இல்ல. அக்காவுக்கு கோர்ஸைப் பொறுத்து 20 வருஷம் வரைக்கும் தவணை. 2035 வரை.

நம்ம தொழில்ல இதுக்கு ஒரு பழக்கமான பேர் இருக்கு. புது யூசர் எல்லாருக்கும் புது சிஸ்டம் லைவ் ஆயிடுச்சு. பழைய டேட்டாவை மட்டும் மைக்ரேட் பண்ணல. ஏன்னா அதுதான் கஷ்டமான வேலை. யாரும் அதைத் தொட விரும்ப மாட்டாங்க.

கஷ்டம் எங்கன்னு பாருங்க. புதுசா ஒருத்தருக்கு ஃபீஸ் இல்லேன்னு சொல்ல பட்ஜெட்ல பணம் ஒதுக்கினா போதும். ஏற்கெனவே போட்ட கையெழுத்து அப்படி இல்ல. அது ஒரு ஒப்பந்தம், எதிர்ப் பக்கத்துல பேங்க் இருக்கு. தள்ளுபடி பண்ணா மொத்தப் பணத்தையும் அரசு எங்கேயாவது இருந்து எடுக்கணும். கூடவே ஒரு நியாயமான கேள்வி வரும்: பல்லைக் கடிச்சுக்கிட்டு முழுசாக் கட்டி முடிச்சவங்களுக்கு என்ன பதில்? கடன் வாங்கக்கூட முடியாம படிக்காமலே வேலைக்குப் போனவங்களுக்கு என்ன பதில்?

இதுக்குப் பெரிய சாட்சி யாருன்னா போரிக்தான். 2021 டிசம்பர்ல, 35 வயசுல, அவரே அதிபரா ஜெயிச்சார். 2022 மார்ச்ல பதவியேற்றார். வயேஹோ அரசின் செய்தித் தொடர்பு அமைச்சர் ஆனார். ஜாக்சனும் அமைச்சர் ஆனார். கல்விக் கடனைத் தள்ளுபடி பண்ணுவோம்ங்கிறது தேர்தல் வாக்குறுதி. 2011ல மாளிகைக்கு வெளியில நின்னவங்க அப்போ மாளிகைக்கு உள்ள. அப்படியும், கடன் பத்தின திட்டத்தை அறிவிக்க 2024 அக்டோபர் ஆச்சு. ரெண்டரை வருஷத்துக்கு மேல. அதுலயும் ஒரே வெட்டா எல்லாருக்கும் தள்ளுபடி இல்ல. ஒவ்வொருத்தரோட நிலைமையைப் பொறுத்து ஒரு பகுதி தள்ளுபடி, மீதியை வருமானத்துக்கு ஏத்த மாதிரிக் கட்டணும். புதுசா வர்ற மாணவர்களுக்கு, பேங்க் இல்லாம, படிச்சு முடிச்சதும் சம்பளத்தில் ஒரு பங்கை அரசுக்கே கட்டுற முறை.

'அவரும் மத்த அரசியல்வாதி மாதிரி ஆயிட்டார்'னு இதைச் சொல்லி முடிக்கிறது சுலபம். நான் அப்படிப் பார்க்கல. தீவிரமான நோக்கம், அதிபர் நாற்காலி, ரெண்டும் சேர்ந்து இருந்தும் பழைய கடனை அசைக்க இவ்வளவு நேரம் ஆகுதுன்னா, அந்தக் கடன் எவ்வளவு ஆழமா வேர் விட்டிருக்குன்னுதான் அர்த்தம். ஒரு கடன் உருவாகாம தடுக்கிறது, உருவான கடனை அழிக்கிறதைவிடப் பல மடங்கு சுலபம். சிலியோட பதினஞ்சு வருஷ வரலாறு எனக்குச் சொல்றது இதுதான்.

நம்ம பத்திரத்துல என்ன எழுதியிருக்கு?

சிலி கதையை ஏன் தமிழ்ல, இந்தியாவுல இருந்து பேசுறேன்? நம்ம கல்விக் கடனோட அடிப்படை வடிவமும் ஏறத்தாழ அதேதான். 2001ல வந்த மாதிரி கல்விக் கடன் திட்டத்துல இருந்து, படிப்பு முடிஞ்சு ஒரு அவகாசம் கழிச்சுக் கட்டுற பேங்க் கடன். 2015ல இருந்து ஏழரை லட்சம் வரையிலான கடன்களுக்கு மத்திய அரசோட உத்தரவாத நிதி, தவறினா 75% வரை. 2024 நவம்பர்ல மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த பிஎம் வித்யாலக்ஷ்மியிலும் அதே 75% உத்தரவாதம் இருக்கு. குடும்ப வருமானம் வருஷத்துக்கு 8 லட்சத்துக்குள்ள இருந்தா, 10 லட்சம் வரையிலான கடனுக்கு 3% வட்டி மானியம், படிக்கிற காலத்துக்கும் அவகாசக் காலத்துக்கும்.

இதெல்லாம் தேவையில்லைன்னு சொல்லல. அடமானம் வைக்க ஒண்ணும் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு இது கதவு. ஆனா கதவு மேல 'உத்தரவாதம்'னு எழுதியிருந்தா, யாருக்குன்னு ஒரு தடவை கேட்கணும். அது பேங்க்குக்கு. கையெழுத்துப் போடற மாணவருக்கும், இணைக் கடனாளியா கையெழுத்துப் போடற அப்பா அம்மாவுக்கும் இல்ல.

அதனால, உங்க வீட்டுல யாராவது இந்த வருஷம் காலேஜ் சேர்றாங்கன்னா, சீட் கிடைச்ச சந்தோஷத்துல இருக்கும்போதே பேங்க்ல நாலு கேள்வி கேளுங்க. வட்டி மாறுமா, நிலையா? படிக்கிற காலத்து வட்டி எவ்வளவு சேரும், அதை மாசாமாசம் கட்டிட்டு வந்தா மொத்தத்துல எவ்வளவு மிச்சம்? மானியத்துக்கு நாங்க தகுதியா, யார் விண்ணப்பிக்கணும், எப்போ? வேலை கிடைக்கத் தாமதமானா தவணையைத் தள்ளிவைக்க என்ன வழி? பதிலை வாயால வாங்காதீங்க, எழுத்துல வாங்குங்க.

மாணவர் அமைப்புகள்ல இருக்கிறவங்க இதைக் கேட்டுட்டு இருந்தா உங்களுக்கும் ஒரு வார்த்தை. 'கடனைத் தள்ளுபடி செய்'ங்கிறது தேவையான கோஷம். ஆனா தேர்தலுக்குத் தேர்தல் அது வாக்குறுதியா வந்துட்டுப் போகும். சிலி பசங்க ஜெயிச்ச இடம் வேற. ஃபீஸ் ஏன் இவ்வளவு, வாடகை எங்க போகுது, வட்டி ஏன் 6, அதை 2 ஆக்கினா என்ன, இலவசமாக்க எவ்வளவு ஆகும், அதை யார் வரியா கட்டணும்னு ஒவ்வொரு எண்ணையா கையில எடுத்தாங்க. உங்க காலேஜ் ஃபீஸ் ரசீதை எடுத்து மேசையில வைங்க. டியூஷன் எவ்வளவு, 'இதர கட்டணம்' எவ்வளவு, அந்த இதரதுக்குள்ள என்ன இருக்கு? அதை நிர்வாகத்துகிட்ட எழுதிக் கேளுங்க. அங்க இருந்து ஆரம்பிக்கலாம்.

முக்கியமா, உங்களுக்கு அடுத்து வர்ற பேட்ச் கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி கேளுங்க. அந்தக் கற்பனை அக்கா நடந்த நடை தங்கச்சிக்கு வேலை செஞ்சது. அக்காவுக்காகவும் யாராவது அஞ்சு வருஷம் முன்னாடி நடந்திருந்தா நல்லா இருந்திருக்கும்.

இன்னைக்கு இவ்வளவுதான். உங்க கடன் பத்திரத்துல புரியாத வரி ஏதாவது இருந்தா, பேர், அக்கவுண்ட் நம்பர் எல்லாம் மறைச்சிட்டு அந்த வரியை மட்டும் எழுதி அனுப்புங்க. ஒரு எபிசோட் முழுக்க அந்த வரிகளை மட்டும் எடுத்து, ஒவ்வொண்ணுக்கும் என்ன அர்த்தம்னு உட்கார்ந்து பார்ப்போம்.